முழங்காலுக்கு மேல நாலு விரல்

உக்காருங்க்கா. அந்த மூலைக்குப் போகாதீங்க, அங்க ஃபேன் சுத்தும், காத்து வராது. இப்படி இந்த பெஞ்சுலயே தள்ளி உக்காருங்க. பாப்பா தூங்கறா, ஒண்ணும் பண்ண மாட்டா. உங்க டோக்கன் எத்தன? நாப்பத்தொண்ணா? இப்பத்தான் இருபத்தெட்டு போயிருக்குது. நல்லா சாஞ்சே உக்காரலாம்.

எங்க மாமனாரு உள்ள ஸ்கேனுக்குப் போயிருக்காரு. உங்க ஊட்டுக்காரருக்கும் கால்தானுங்களா? ஸ்டென்ட் வெக்கணும்னு சொல்லிட்டாங்களா? அப்படின்னா நீங்க நான் சொல்றதக் கேட்டே ஆகணும். பயமுறுத்தறதுக்குச் சொல்லலீங்க்கா. எனக்கும் ஒரு வாரமா வயிறு எரியுது, ஆருகிட்டயாச்சும் கொட்டலைன்னா வெடிச்சுருவேன்.

உடைஞ்சு போச்சுங்க்கா. எங்க மாமாவுக்குக் கால்ல வெச்ச ஸ்டென்ட் உடைஞ்சு போச்சு. ரத்தக்குழாய்க்குள்ள வெச்சது, மேல சதை, அதுக்கு மேல தோலு, அதுக்கு மேல வேட்டி. கையில எடுத்துக் கீழ போட்டு உடைக்கறதுக்கு அதென்ன டீவி ரிமோட்டா? உள்ளயே கெடந்து உள்ளயே உடைஞ்சிருக்குது.

பத்து மாசம். பத்தே மாசம். என் கல்யாணத்துக்கு எங்கம்மா வாங்கிக் குடுத்த பிளாஸ்டிக் குடம் ஒண்ணு இருக்குது. அஞ்சு வருஷமா என் இடுப்புல ஏறி எறங்குது. ரெண்டு தடவை கெணத்து மேட்டுல உருண்டிருக்குது. ஒரு கீறல்? மூச்! குடத்துக்கு இருக்கற ஆயுசு கால்ல வெக்கற சாமானுக்கு இல்லைன்னா என்னத்துக்குங்க்கா அதை வெக்கறது? நான் டாக்டர்கிட்டயே கேட்டேன். அவரு சிரிக்கல. "குடத்தை நீங்க மடக்கலியேம்மா"ன்னாரு.

அதைத்தான் சொல்ல வந்தேன். முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும்.

எங்க மாமனாரு பேரு வையாபுரி. கம்பி கட்டற வேலை. கட்டடத்துக்கு மேல தளம் போடறதுக்கு முந்தி கம்பியக் குறுக்கும் நெடுக்குமாப் பரப்பி, ஒவ்வொரு முடிச்சுலயும் கட்டுக்கம்பி போட்டுக் கொக்கியில முறுக்குவாங்களே, அந்த வேலை. முப்பத்தஞ்சு வருஷம் வெயில்ல காஞ்ச கம்பி மேல குந்தி உக்காந்தே பொழைச்ச மனுசன். கூடவே பீடி, அப்புறம் சர்க்கரை. போன வருசம் பத்து அடி நடந்தா நின்னுருவாரு. கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குதும்பாரு. பெருவிரல்ல ஒரு சின்னப் புண்ணு, மூணு மாசமா ஆறவே இல்ல. இங்க கூட்டிட்டு வந்தோம். காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்குதுன்னு சொல்லி, இடுப்புக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை போட்டு, அது வழியா உள்ள விட்டு, முழங்காலுக்கு மேல நாலு விரல் தள்ளி, கம்பி வலையில செஞ்ச ஸ்டென்ட்டை வெச்சாங்க. அப்ப நல்லாத்தான் ஆச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். புண்ணு ஆறிருச்சு. ஊர்க் கோயில் வரைக்கும் நடந்து போயிட்டு வந்தாரு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரு என்னை நிக்க வெச்சுச் சொன்னாரு. "நெஞ்சுல வெக்கற ஸ்டென்ட் மாதிரி இல்லம்மா இது. கால் மடங்கும்போது உள்ள இருக்கற குழாயும் மடங்கும், முறுகும், நீளும். குந்தி உக்காரக் கூடாது, சம்மணம் கூடாது, முட்டி போடக் கூடாது. நடக்கலாம், நல்லா நடக்கட்டும். முழங்கால் முழுசா மடங்கற மாதிரி எதுவும் கூடாது." நான் எட்டாவதுதான் படிச்சேன், ஆனா சொன்னதை அப்படியே மனசுல எழுதிக்குவேன். இப்பவும் பாருங்க, ஒரு வார்த்தை விடாமச் சொல்லிட்டேன்.

எங்கூட்டுக்காரரு போர்வெல் வண்டியில வடக்க இருக்காரு. போனா எட்டு மாசம், ஒம்பது மாசம். மாமியாரு நான் வர்றதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டாங்க. அப்ப ஊட்டுல ஆரு? நானும், அஞ்சு மாசக் கைக்கொழந்தை இவளும், மாமாவும். பக்கத்துலயே தறிப்பட்டறை, நாலு தறி நான் பாக்கறேன். இத்தனையும் வெச்சுக்கிட்டு நான் அவரைக் காப்பாத்தினது இருக்கே, போலீஸ்காரன்கூட ஒரு கைதியை அப்படிக் காத்திருக்க மாட்டான்.

கக்கூசுக்கு நடுவுல ஓட்டை போட்ட சேர் வாங்கிப் போட்டேன். மனுசன் வெக்கப்பட்டாரு. "என்னைக் கொழந்தையாக்கிட்டயே கண்ணு"ன்னாரு. "ஆமா, கொழந்தைதான், உக்காருங்க"ன்னேன். தரையில உக்காந்து சாப்புடறது கட். பல்லு வெளக்கறதுக்கு வாசல்ல குந்துவாரு, அதுவும் கட். எங்க சின்ன மாமியார் மகன் கல்யாணத்துல பெரிய மனுசங்கன்னு சொல்லி இவரைப் பாய்ல உக்கார வெக்கப் பாத்தாங்க. நான் மணமேடைக்குப் பின்னால இருந்து ஓடி வந்து, "ஆருடா அது எங்க மாமனைக் கீழ உக்கார வெக்கறது"ன்னு போட்ட சத்தத்துல நாதஸ்வரக்காரரே ஒரு நிமிசம் நிறுத்திட்டாரு. அதுக்கு ஒரு மாசம் என்கிட்ட ஆரும் பேசல. போகட்டும்! கால் முக்கியமா, பாய் முக்கியமா?

கடைசியில ஒரு கட்டிலை வாங்கி ஜன்னலோரம் போட்டேன். அந்த ஜன்னல்ல இருந்து தறிப்பட்டறை தெரியும். "மாமா, நடக்கற நேரம் நடங்க. மீதி நேரம் இதுல படுத்தே இருங்க. நீங்க துரும்பைக்கூடத் தூக்க வேண்டாம்"னேன். மனுசன் பேச்சு மாறல. படுத்தே இருந்தாரு. நான் நூல் அறுந்த தறிக்கு ஓடற நேரமெல்லாம் ஜன்னல்ல எட்டிப் பாப்பேன். படுத்துட்டுத்தான் இருப்பாரு. இதைவிட ஒரு மருமக என்னங்க்கா செய்யறது?

படுத்தே கெடக்கறவருக்குப் பொழுது போகணுமில்ல? இவளைக் கையில குடுத்துட்டேன். அங்கதான் எனக்கு ஒரு பெரிய நிம்மதி. இவ பேரு சஷ்டிகா. சோறு திங்கறதுல இவளை மாதிரி ஒரு அடங்காதவளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. வாய்க்குள்ள வெச்சதை என் மூஞ்சியிலயே துப்புவா. தூங்கறதும் அப்படித்தான், தொட்டில்ல போட்டா எகிறிக் குதிப்பா. தாத்தன் கையில போனா மட்டும் பொட்டிப் பாம்பு. மல்லாக்கப் படுத்துக்குவாரு. ரெண்டு காலையும் மடக்கி நெஞ்சுக்குக் கொண்டு வருவாரு. முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவுல இவளைக் குப்புறப் போட்டு, ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு மேலயும் கீழயும் ஆட்டுவாரு. பாட்டு ஒண்ணும் தெரியாது அவருக்கு. கம்பி எண்ணற மாதிரி எண்ணுவாரு. "ஒண்ணேய்… ரெண்டேய்… மூணேய்…" இவ ஒவ்வொண்ணுக்கும் "ஊ"ம்பா. அந்த "ஊ" சொல்ல வாய் தொறக்கறா பாருங்க, அப்ப நான் ஒரு உருண்டைய உள்ள தள்ளிருவேன்!

நூறு ஆட்டினா ஒரு கிண்ணம் காலி. காலையில நூறு, மத்தியானம் நூறு, சாயங்காலம் தூங்க வெக்க இன்னொரு எம்பது நூறு. நான் கிண்ணத்தோட நின்னுக்கிட்டு "இன்னும் ரெண்டே வாய், இன்னும் பத்து ஆட்டுங்க மாமா"ம்பேன். ஆட்டுவாரு. பட்டறையில எல்லாத்துக்கும் என் மேல பொறாமை. "உனக்கென்னடி கோகிலா, வேலைக்காரி வெக்காமயே பிள்ள வளருது"ம்பாளுக. இந்தப் பங்குனிக்கு இவளைத் தூக்கித் தராசுல வெச்சா, பத்து கிலோ! நர்ஸம்மாவே என்னைப் பாராட்டினாங்க.

சரி, அதை விடுங்க. எதைச் சொல்ல வந்து எங்க போறேன் பாருங்க. ஸ்டென்ட்டு.

சித்திரையில மறுபடி கால் கடுக்குதுன்னாரு. நான்கூட முதல்ல நம்பல. "படுத்துக்கிட்டேதான மாமா இருக்கறீங்க, எப்படிக் கடுக்கும்"னேன். அப்புறம் பாதத்தைத் தொட்டுப் பாத்தா, அக்கா, தண்ணிப்பானையத் தொட்ட மாதிரி ஜில்லுன்னு இருக்குது. அடுத்த காலு சூடா இருக்குது. ஒரே மனுசனுக்கு ரெண்டு காலும் ரெண்டு ஊரு மாதிரி. உடனே கூட்டிட்டு வந்துட்டேன். போன புதன்கிழமை எக்ஸ்ரே எடுத்தாங்க. கண்ணாடி போட்ட டாக்டரு, சின்ன வயசுதான், படத்தை வெளிச்சத்துல மாட்டினாரு. வலை மாதிரி தெரிஞ்சுது. நடுவுல ஒரு இடத்துல வலையோட கண்ணு எல்லாம் விட்டுப்போயி, மேல் துண்டு தனியா, கீழ் துண்டு தனியா.

"ஐயா, கீழ விழுந்தீங்களா?"

"இல்லீங்க."

"விழுந்து உடைஞ்ச மாதிரியும் தெரியல. மடங்கி மடங்கி ஓய்ஞ்சு போயி விட்டிருக்குது. இதைச் செய்யறவங்க மெஷின்ல போட்டு லட்சக்கணக்குல வளைச்சுப் பாத்துதான் அனுப்பறாங்க. நடக்கற நடைக்கெல்லாம் தாங்கும். இது முழுசா மடக்கற மடக்கு, ஒரே இடத்துல, தினமும். அப்படி என்ன செய்யறீங்க?"

எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம்! "சார், அவரு படுத்த எடத்தை விட்டு எந்திரிக்கறதில்ல. நான் சாட்சி. உங்க சாமான்தான் சொத்தை"ன்னேன். மெஷின்ல போட்டு வளைச்சாங்களாம். அந்த மெஷின் என்ன பீடி குடிச்சுதா, சர்க்கரை வந்துதா, எங்க மாமாகூட ஒரு நாள் இருந்து பாத்துதா?

மாமா அந்தப் படத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. எந்திரிச்சுப் பக்கத்துல போயி, உடைஞ்ச எடத்துல விரலை வெச்சாரு. "ஒரே இடத்துலதானுங்களா சார் மடங்கியிருக்குது?"ன்னு கேட்டாரு. ஆமாங்கறாரு டாக்டரு. திரும்பி இவளைப் பாத்தாரு. இவ என் தோள்ல இருந்து அவருகிட்டத் தாவுறா. அப்புறம் டாக்டருகிட்டச் சொல்றாரு, "கம்பி கட்டப் போனேனுங்க சார். மருமகளுக்குத் தெரியாம. நாலஞ்சு மாசமாப் போறேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க? சேர் வாங்கினவ நானு, கட்டில் வாங்கினவ நானு, கல்யாண ஊட்டுல சொந்தத்தையெல்லாம் பகைச்சுக்கிட்டவ நானு. என் முதுகுக்குப் பின்னால போயி கம்பி மேல குந்தியிருக்காரு!

டாக்டரு முகமே மாறிப்போச்சு. பேனாவை மூடிட்டாரு. "பாருங்கம்மா, எதனால உடைஞ்சுதுன்னு தெரிஞ்சு அதை நிறுத்தற ஆளா இருந்தா, உடைஞ்சதுக்கு உள்ளயே இன்னொண்ணு வெச்சுப் பாக்கலாம். சின்ன வேலை, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம். இவரு சொல்லியும் கேக்காதவரு. இவருக்கு மறுபடி வெச்சா மறுபடி உடைப்பாரு. அப்ப பைபாஸ்தான். அடுத்த கால்ல இருந்து ரத்தக்குழாயை நீளத்துக்கு எடுத்து இந்தக் கால்ல தைக்கணும். இவருக்கு இருக்கற சர்க்கரைக்கு அந்தக் காயமெல்லாம் ஆறுமா, அதுதான் என் கவலை. ஆறலைன்னா இந்தக் காலுக்கு வந்தது அந்தக் காலுக்கும் வரும்." அடுத்த புதன் ஸ்கேன் பாத்துட்டு முடிவா எழுதறேன்னாரு. அந்தப் புதன்தான் இன்னிக்கு. ஸ்கேன் முடிஞ்சா நேரா டாக்டர் ரூம்தான். எழுதிட்டா எழுதினதுதான், நாளைக்கே அட்மிசன்.

பஸ்ஸுல வீடு வர்ற வரைக்கும் திட்டினேன். சும்மா இல்ல, ஜன்னல் சீட்டுல இருந்த பொம்பள எந்திரிச்சுப் பின்னால போற அளவுக்குத் திட்டினேன். "உங்களுக்குக் கால் போனா, ஆருங்க மாமா தூக்கறது? உங்க மகனா வருவாரு? நாலு தறியப் பாப்பனா, இவளைப் பாப்பனா, உங்களைப் பாப்பனா?" மழைக்கு நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்காரு. ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்து, "தப்பு என்னுதுதான் கண்ணு, வேற ஆரையும் பேசாத"ன்னாரு. எனக்கு இன்னும் ஏறிருச்சு.

அதோட நின்னாலும் பரவால்ல. வீட்டுக்கு வந்ததுல இருந்து இவளைக் காலுல போட மாட்டேங்கறாருங்க்கா! ஒரு வாரமாச்சு. இவ போயி கட்டிலைப் புடிச்சுக்கிட்டு "ஊ, ஊ"ன்னு கத்தறா. மனுசன் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறாரு. கேட்டா இடுப்பு வலியாம். இத்தனை நாள் இல்லாத இடுப்பு வலி! திட்டினதுக்கு வீம்பு, அதை என்கிட்டக் காட்டாம கொழந்தைகிட்டக் காட்டறாரு. இவ ஒரு வாரமா அரைக் கிண்ணம்கூடத் திங்கல. மனசு கல்லா இருந்தாத்தானே இப்படி முடியும்? நானே நேத்து, "நான் திட்டினது உங்களை, இவ என்ன பண்ணினா"ன்னு கேட்டுட்டேன். கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. நடிப்பு.

சரி, இவரு ஊட்டுல படுத்துட்டாரு. இவரை வேலைக்குக் கூப்புட்டவன்? அவனை விட்டுருவனா? எங்க ஊர்ப்பக்கம் கம்பி வேலைன்னா ஒரே மேஸ்திரிதான், அர்த்தநாரி. எங்க மாமாகிட்டத் தொழில் கத்துக்கிட்ட ஆளு. வெள்ளிக்கிழமை தறியை நிறுத்திட்டு, இவளை இடுப்புல வெச்சுக்கிட்டு நேரா அவரு சைட்டுக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபம் கட்டறாங்க, மேல தளத்துல பத்துப் பேரு குந்தி உக்காந்து கட்டிக்கிட்டிருக்காங்க. நான் கீழ இருந்தே ஆரம்பிச்சுட்டேன்.

"ஏனுங்க மேஸ்திரி! உங்களுக்குத் தொழில் கத்துக் குடுத்த மனுசனோட காலை ஒடிச்சுட்டு இங்க மண்டபம் கட்டறீங்களா? இந்த மண்டபம் வெளங்குமா?"

அந்தாளு ஏணியில எறங்கி வந்தாரு. "அம்மிணி, மெதுவாப் பேசு, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? ஸ்டென்ட் வெச்ச ஆளை எந்த தைரியத்துல வேலைக்குக் கூப்புட்டீங்க?"

"ஆரு, வையாபுரி அண்ணனா? அண்ணன் ஸ்டென்ட் வெச்சதுக்கப்புறம் என் சைட்டுல கால் வெக்கவே இல்லையே அம்மிணி."

"அவரே டாக்டர்கிட்டச் சொல்லிட்டாரு!"

"சொல்லியிருக்கட்டும். வரல." மேல நின்னவனுகளையும் கேட்டாரு. பத்துப் பேரும் தலையை ஆட்டறானுக. ஒருத்தன், "தளத்துல ஏறினா எங்க கண்ணுக்குத் தெரியாமயா இருப்பாரு, அவரென்ன எறும்பா?"ங்கறான். சிரிக்கறானுக. எல்லாரும் ஒரே கூட்டுங்க்கா. மேஸ்திரிக்குப் பயந்துக்கிட்டுப் பேசறானுக. பொய்யிங்கறது மூஞ்சியிலயே தெரியுது.

அதோட விட்டாரா அந்த மேஸ்திரி? கீழ கெடந்த ஒரு முழக் கட்டுக்கம்பிய எடுத்தாரு. "அம்மிணி, நாங்க இதை அறுக்கறதுக்குக் கட்டர் தேடறதில்ல. பாரு"ன்னு ஒரே இடத்துல புடிச்சு இப்படி, அப்படி, இப்படி, அப்படி மடக்கினாரு. பத்துத் தடவைகூட இருக்காது. பட்டுனு ரெண்டாப் போச்சு. "முனையத் தொட்டுப் பாரு"ன்னாரு. சுட்டுதுங்க்கா, நெசமாவே சுட்டுது. "இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே உங்க மாமன்தான். ஒரே இடத்துல மடங்கினா எந்தக் கம்பியும் போகும்னு அவருக்குத் தெரியாதா? அவரு இங்க வரல அம்மிணி. ஊட்டுல எங்க மடங்குதுன்னு பாரு."

ஊட்டுல பாருன்னு எனக்கே சொல்றாரு! சேர் வாங்கினவளுக்கு! எனக்கு வந்த கோவத்துல அந்த ரெண்டு துண்டையும் புடுங்கிக்கிட்டு வந்துட்டேன். இந்தா, பையிலயே வெச்சிருக்கேன், பாருங்க. டாக்டர்கிட்டக் காட்டறதுக்குத்தான். இந்த மேஸ்திரி எப்படிப்பட்ட ஆளுன்னு அவருக்கும் தெரியட்டும்.

அட, எந்திரிச்சுட்டியா தங்கம்? பாத்தீங்களா, ரெண்டு நிமிசம் தூங்க விடாது இந்த ஆஸ்பத்திரி. பசி வந்துருச்சு. இருங்க்கா, டப்பாவுல பருப்புச் சோறு இருக்குது. ஆ காட்டு. ஆ காட்டு கண்ணு. துப்பறா பாருங்க! பெரியம்மா மேல படாம. சேலையில பட்டுருச்சுங்களா? தொடைச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க. இதுக்குத்தான் தாத்தன் வேணுங்கறது.

சரி வா, அம்மா ஆட்டறேன். இங்க படுக்க முடியாது, உக்காந்துக்கிட்டே ஆட்டறேன் வா. என் பாதத்து மேல உக்காந்துக்க. கையைக் குடு. பாருங்க்கா, தாத்தன் எப்படின்னா, மல்லாக்கப் படுத்து, முழங்காலை இதோ இவ்வளவுக்கு மடக்கிக்குவாரு. எனக்கு அவ்வளவு வராது. ஒண்ணேய்… "ஊ" சொல்லு. சொல்லிட்டா! இந்தா ஒரு வாய். ரெண்டேய்… மூணேய்… திங்கறா பாருங்க. நாலேய்… வயித்துக்குள்ள போயிருச்சு. யப்பா, கனக்கறாளே இவ. முழங்காலுக்குப் பின்னால இழுக்குது எனக்கே. எப்படித்தான் அந்த மனுசன் நாளைக்கு முந்நூறு… ஏழேய்… எட்டேய்…

என்னங்க்கா, அப்படிப் பாக்கறீங்க? சேலை ஒதுங்கிருச்சா? இல்லையே. அப்புறம் ஏன் என் முழங்காலையே பாக்கறீங்க? ஒம்பதேய்… பத்தேய்…

பதினொண்ணு.

எங்க நிறுத்தினேன்? பதினொண்ணு. பன்னெண்டு…

இருடி. கொஞ்சம் இரு. கத்தாத. அம்மா கால் இங்கயே இருக்கட்டும், இரு.

அக்கா… பத்து மாசம்னா முந்நூறு நாள் ஆகுமில்ல.

நான் கிண்ணத்தோட பக்கத்துலதான் நின்னேன். "இன்னும் பத்து"ன்னு நான்தான் கேட்டேன். தையில ஒருநாள் நடுவுல நிறுத்தி, "கண்ணு, கால் ஒரு மாதிரியா இழுக்குது"ன்னாரு. "படுத்துக்கிட்டே தான மாமா"ன்னு நான்…

அவரு படத்துல விரலை வெச்சாரே. எக்ஸ்ரேவுல. விரலை வெச்சுட்டு இவளைப் பாத்தாரு. அப்பவே தெரிஞ்சிருக்குதுங்க்கா அவருக்கு. முப்பத்தஞ்சு வருஷம் கம்பி மடக்கின கை. தெரிஞ்சுக்கிட்டுத்தான் கம்பி கட்டப் போனேன்னாரு. வேற ஆரையும் பேசாதன்னாரு. நான் பஸ்ஸு பூராம் பேசினேன்.

என்னது? வையாபுரி கூட வந்தவங்களா? வர்றேன் சிஸ்டர்! இதோ! வந்துட்டேன்! டாக்டர் எழுத ஆரம்பிச்சுட்டாரா? எழுத வேண்டாம்னு சொல்லுங்க, ஒரு நிமிசம் சிஸ்டர், பேனாவைப் புடிச்சு நிறுத்துங்க!

அக்கா, இவளைக் கொஞ்சம் வெச்சுக்கங்க. நான் உள்ள போயிச் சொல்லணும். அவரு எங்கயும் போகல, சொன்ன பேச்சு கேக்கற ஆளுதான், இன்னொண்ணு வெச்சா உடைக்க மாட்டாருன்னு சொல்லணும். இவளை ஆட்டறதை நிறுத்தி ஒரு வாரமாச்சுன்னும் சொல்லணும். அவரு இல்லைம்பாரு, கேக்கக் கூடாது. இந்தக் கம்பி, இதை அங்கயே போடுங்க, இது வேண்டாம்.

சோத்து டப்பா இங்க இருக்குது. தின்னா தின்னட்டும், இல்லைன்னா விடுங்க, ஒருநாள் பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆகிறாது. அழுதான்னா தோள்ல போட்டுத் தட்டுங்க.

இல்லீங்க்கா, தோள்ல. கால்ல வேண்டாம்.